குனிந்தால் ஒடிந்துவிடும்

சாமளாபுரம்
8.9.2003

அன்புள்ள பொன்னாத்தாளுக்கு,

நஞ்சப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீதான் இல்லை.

உன் தங்கை ராமாயி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள், அக்கா வராமல் எப்படி என்று அழுதாள். அதற்காகத்தான் வேனில் மெத்தை போட்டு, உன்னைப் படுக்க வைத்து, சேவூருக்கு அனுப்பினேன். நாலு நாளில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னாள். பால் காய்ச்சி ஒரு மாதம் ஆகப் போகிறது.

செல்வன் செல்போனை என் காதில் வைத்து, "அம்மாகிட்டப் பேசுங்கப்பா" என்கிறான். தறிச் சத்தம் தின்ற காதுக்கு அந்தப் பெட்டி எதற்கு? அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் நீ, பதில் எழுது. ராமாயியிடம் சொல்லி எழுதச் சொல்லாதே.

நேற்று நம் மகன் ஒன்று சொன்னான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டச் சொன்னேன். "அம்மா மாவு மில்லு வரைக்கும் நடந்து போகுதாம்" என்று எழுதியிருந்தான். அவனுக்கு அதில் சந்தோஷம் வேறு. நான் நேரே வேன்காரனிடம் போனேன்.

உன் எக்ஸ்ரே படம் பீரோ மேல்தான் இருக்கிறது. முதுகெலும்பு தேய்ந்துபோனது குருடனுக்கும் தெரியும். போன வருஷம் ஆடி மாதம் தறிக்கூடத்தில் நூல் மூட்டையைத் தூக்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாயே, அதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று பல்லடத்து டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து உன்னை ஒரு செம்பு தூக்க விட்டிருப்பேனா? சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. கக்கூஸ் நாற்காலியும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த உடம்பை மாவு மில்லுக்கு நடத்திக் கொண்டுபோய் ஒடிக்கப் பார்க்கிறாள் உன் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். இடுப்புப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தயாராக இரு. நீயாக ஏறாதே. நான் வந்து தூக்கி ஏற்றுகிறேன்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்


சேவூர்
12.9.2003

மாமாவுக்குப் பொன்னாத்தாள் எழுதிக்கொண்டது.

வேன் அனுப்ப வேண்டாம். நான் இப்போது வரவில்லை.

ராமாயியைத் திட்ட வேண்டாம், அவள் ஒன்றும் செய்யவில்லை. செய்யாததுதான் நல்லதாகப் போயிற்று. இங்கே வந்த அன்று மாலை எனக்குப் பின்புறம் போக வேண்டியிருந்தது. நீங்கள் இல்லை. ராமாயிக்கு என்னைத் தூக்க வலுவில்லை. அவள் வீட்டுக்காரர் கருப்புசாமி தூக்கட்டுமா என்று கேட்டார். கொழுந்தன் முறை ஆகிறவர் கையில் நான் அப்படிப் போவதா? வெட்கத்தில் எழுந்துவிட்டேன். சுவரைப் பிடித்தேன், ராமாயி தோளைப் பிடித்தேன். வாசலைத் தாண்டிக் கக்கூஸ் வரை போய்த் திரும்பி வந்தேன். வலி உயிரை எடுத்தது. ஆனால் எதுவும் ஒடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, எதுவும் ஒடியவில்லையே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ராமாயி புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுக்க வைத்து, என்னை அவிநாசியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அந்தம்மா முதலில் படத்தைக் கையில் வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைத்ததா, ஒன்றுக்கு அடக்க முடிகிறதா, கால் மரத்துப் போகிறதா என்று கேட்டார். காலைத் தூக்கச் சொன்னார், பாதத்தைத் தட்டிப் பார்த்தார். அதுவரை எந்த டாக்டரும் கேட்பதுதான். அப்புறம், "ராத்திரி தூக்கம் வருதுங்களா? சும்மா இருக்கறப்ப அழுகை வருதா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "சரி, குனிஞ்சா என்ன ஆகும்னு நெனைக்கறீங்க?"

"ஒடிஞ்சிருமுங்க."

"யாரு சொன்னாங்க?"

"எங்கூட்டுக்காரருங்க."

அந்தம்மா சிரிக்கவில்லை. பிறகுதான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தத் தேய்மானம் உங்க வயசுல வலியே இல்லாதவங்க படத்துலயும் இருக்கும். எலும்பு கெட்டியாத்தான் இருக்குதுங்கம்மா. ஒரு வருஷமாப் படுத்தே இருந்தீங்கல்ல, அதுலதான் சதையெல்லாம் செத்துப் போச்சு" என்றார். பெல்ட்டைக் கழற்றிவிடச் சொன்னார். தினமும் நடக்கச் சொன்னார், வலித்தாலும் கொஞ்சம் நடக்கச் சொன்னார்.

ஒரு வருஷம், மாமா. பல்லடத்து டாக்டர் என்னைப் படுக்கச் சொன்னது எத்தனை நாளைக்கு? நீங்கள் உள்ளே போய்ப் பேசினீர்கள், நான் வெளியே பெஞ்சில் படுத்திருந்தேன். ஒரு வாரம் என்றாரா, இரண்டு வாரம் என்றாரா? உங்களுக்குச் சரியாகக் கேட்டதா? அதை எழுதுங்கள்.

பொன்னாத்தாள்


சாமளாபுரம்
19.9.2003

பொன்னாத்தாளுக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ரத்தம் தலைக்கு ஏறியது.

என் காதைச் சொல்லிக் காட்டுகிறாய். செவிடன் தப்பாகக் கேட்டுவிட்டு உன்னைப் படுக்கப் போட்டுவிட்டான் என்று அர்த்தம். அப்படியே வைத்துக்கொள். படுத்திருந்தபோது நீ என்ன சொன்னாய்? "மாமா, என்னால முடியல" என்றாய். புரண்டு படுத்தால் கத்தினாய். அது என் காதுக்கும் கேட்டது.

உன் தலையைக் கழுவியது யார்? சுபஸ்ரீயா? நம் மருமகள் காலை ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி பஸ் பிடித்தால், துணி செக்கிங் முடித்து வீடு வர எட்டாகும். செல்வன் துணி வெட்டும் கட்டிங்கில் இருப்பவன், சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் வந்தால் வீட்டுக்கே வருவதில்லை. பகல் முழுவதும் உன்னோடு இருந்தது யார்? சோறு ஊட்டினேன். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன். கழுவினேன். ஆம்பிளை செய்யும் வேலையா என்று தறிக்காரர்கள் சிரித்தபோது, சிரியுங்களடா என்று விட்டேன். பிறகு அவர்களே, பெண்டாட்டியை இப்படிப் பார்ப்பவன் யார் இருக்கிறான் என்று பேசினார்கள். அது உனக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்தவனை, ஒருநாள் பார்த்த டாக்டரம்மா முன்னால் "எங்கூட்டுக்காரருங்க" என்று கை காட்டிவிட்டு வந்திருக்கிறாய். அப்படியென்றால் நான்தான் உன் நோயா? என்னை விட்டுப் போனதும் கால் முளைத்துவிட்டதா?

நன்றி என்ற ஒன்று உன் குடும்பத்துக்கே கிடையாது. உன் அப்பனுக்கும் கிடையாது.

நஞ்சப்பன்


சேவூர்
27.9.2003

மாமா,

இன்று நலம் விசாரிக்க மாட்டேன். இதை எழுதி முடித்தபின் மனம் வந்தால் விசாரிக்கிறேன்.

தறிக்காரர்கள் பேசியது எனக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியும். அவர்கள் பேசியதும் தெரியும், அதைக் கேட்டு உங்கள் முகம் மலர்ந்ததும் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் என் அறைக்குத்தான் கூட்டி வருவீர்கள். போர்வையை ஒதுக்கி என் காலைக் காட்டுவீர்கள். "பாருங்க, குச்சியாப் போச்சு" என்பீர்கள். கண்காட்சியில் வைத்த கன்றுக்குட்டி மாதிரி நான் கிடந்தேன்.

நீங்கள் செய்ததை நான் மறைக்கவில்லை. யாரும் செய்யாததைச் செய்தீர்கள். ஆனால் நான் முழங்கையை ஊன்றி எழ முயன்ற ஒவ்வொரு தடவையும் தோளைப் பிடித்துப் படுக்க வைத்ததும் நீங்கள்தான். வெங்காயம் உரித்துத் தருகிறேன், முறத்தை மடியில் வையுங்கள் என்று கெஞ்சினேன். "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றீர்கள். நாற்பது வருஷம் தறிக்கு நூல் தார் சுற்றின கை இது. அதற்கு ஒரு வெங்காயம்கூட இல்லாமல் போயிற்று.

இன்னொன்றைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் நன்றியைப் பேசியதால் சொல்கிறேன்.

மாசி மாதம் தறிக்கூடத்துச் சிவசுப்பிரமணியம் என்னைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு நடையில் உங்களோடு நின்றார். நீங்கள் அவர் காதோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினீர்கள். உங்களுக்குக் காது போனபின் மெல்லப் பேசுவது எப்படி என்பதே மறந்துவிட்டது, மாமா. நீங்கள் ரகசியம் பேசினால் ரேஷன் கடை வரை கேட்கும். நீங்கள் சொன்னது இது: "இனி அவ எந்திரிக்க மாட்டாளுங்க. எனக்கு முந்தி அவ போயிட்டாத் தேவலை."

அடுப்படியில் சுபஸ்ரீ இருந்தாள். கையில் டம்ளரோடு என் அறை வாசலுக்கு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்துதான் வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கியது. அன்றிலிருந்துதான் நான் சோற்றைக் குறைத்தேன். பசியில்லை என்று சொன்னேன், பொய். தின்றால் நாற்காலிக்குப் போக வேண்டும், நாற்காலிக்குப் போனால் உங்களைக் கூப்பிட வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்டு போவதை நான் பார்க்க வேண்டும். சீக்கிரம் போய்விட்டால் எல்லோருக்கும் தேவலையாக இருக்கும் என்று நானும் நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

டாக்டரம்மா அழுகை வருகிறதா என்று கேட்டாரே, அங்கே பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான். இரண்டாவது தடவை போனபோது சொன்னேன். அந்தம்மா பேனாவை மூடி வைத்தார். "இத மனசுல வச்சுட்டுப் படுத்திருந்தா எந்த முதுகும் எந்திரிக்காதுங்கம்மா" என்றார்.

நீங்கள்தான் நோயா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் இங்கே நான் தூங்குகிறேன்.

பொன்னாத்தாள்


சாமளாபுரம்
8.10.2003

பொன்னாத்தாளுக்கு,

அது உன் காதில் விழுவதற்காகச் சொன்னதல்ல. விழுந்துவிட்டது. இனி என்ன செய்ய?

ஆனால் அதில் என்ன பொய், சொல். எனக்கு எழுபது. நாளைக்கே நான் போய்விட்டால் உன்னைத் தூக்குவது யார்? செல்வனா? சுபஸ்ரீ வேலையை விட்டுவிட்டு உட்காருவாளா? இந்தக் கேள்வி என் நெஞ்சில் தினமும் கிடந்தது. ஒரு ஆளிடம் வாய் விட்டுச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு நான் உன் சாவைக் கேட்டதாக எழுதுகிறாய். உன் டாக்டரம்மாவிடம் கேட்டு இதற்குப் பதில் எழுது. அந்தம்மா வந்து தூக்குவாளா?

தீபாவளிக்கு வீட்டுக்கு வா. வராவிட்டால் வரவே வேண்டாம். தங்கை வீட்டில் உண்டு உறங்கிக்கொண்டு அங்கேயே இரு. உன் துணிமணியைச் செல்வனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நஞ்சப்பன்


சேவூர்
3.11.2003

மாமாவுக்கு,

தீபாவளி போய்விட்டது. செல்வனும் சுபஸ்ரீயும் ஒருநாள் வந்துபோனார்கள். துணிமணி வரவில்லை. அனுப்ப மறந்தீர்களா, மனம் வரவில்லையா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஐப்பசி பிறந்ததும் எனக்கு மறுபடி பிடித்துக்கொண்டது. இதை நீங்கள் வேறு யார் மூலமாவது கேட்டு, நான்தான் சொன்னேனே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன், ஒரு தும்மல் வந்தது, அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொன்னதெல்லாம் ஒரே நொடியில் காதில் கேட்டது. தேய்ந்துவிட்டது, ஒடிந்துவிட்டது, இனி எழ மாட்டாள். ராமாயி பயந்துபோய், "மாமனுக்குப் போன் போடட்டுமாக்கா, வேன் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றாள். போட்டால் அவள் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று கத்தினேன். என்னிடம் அவ்வளவு கத்தல் இருந்தது எனக்கே தெரியாது.

அன்றும் மறுநாளும் படுத்திருந்தேன், ஆனால் கக்கூஸுக்கு நடந்துதான் போனேன். பிறகு வாசல் வரை. இப்போது மறுபடி மாவு மில் வரை போகிறேன். வலி போய்விடவில்லை. காலையில் எழும்போது இடுப்பில் கல்லைக் கட்டியது போலத்தான் இருக்கிறது. குளிர் அடித்தால் கூடுகிறது. டாக்டரம்மாவும் போய்விடும் என்று சொல்லவில்லை. வலி வரும், போகும், நீங்கள் பாட்டுக்கு உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார்.

வேலையும் பார்க்கிறேன். கருப்புசாமி காட்டில் கடலை பிடுங்குகிறார்கள். களத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காய் பறிக்கிறேன். உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு பிடிக்கிறது என்று இடையில் எழுந்து நடப்பேன். பக்கத்தில் உட்காரும் பழனாயி என்னைவிட மூத்தவள். வாய் ஓயாமல் பேசுவாள், பாதி கெட்ட பேச்சு. நான் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில். நீங்கள் போனபின் என்னைத் தூக்குவது யார்? அதற்குத்தான் நடக்கிறேன். நாளைக்கு நிஜமாகவே நான் விழுந்துவிடலாம், அது என் கையில் இல்லை. ஆனால் விழுவதற்கு முன்பே என்னைப் படுக்க வைக்க இனி யாரையும் விட மாட்டேன்.

நீங்கள் பீடியைக் குறையுங்கள். செல்வன் சொன்னான், முன்பைவிடக் கூடிவிட்டதாம்.

பொன்னாத்தாள்


சேவூர்
24.11.2003

மாமா,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். நேற்று செல்வன் போனில் உளறிவிட்டான்.

தீபாவளிக்கு முன்பிருந்தே நீங்கள் படுத்திருக்கிறீர்களாம். தண்ணீர் லாரி வந்தபோது இரண்டு கையிலும் குடத்தைத் தூக்கி, இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அதிலிருந்து என் கட்டிலில் படுத்தவர் எழவே இல்லையாம். சுபஸ்ரீ காலையில் சோற்றையும் தண்ணீரையும் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போகிறாளாம். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு வா, வராவிட்டால் வராதே என்று வீராப்பாக எழுதியபோதே முதுகில் வலியை வைத்துக்கொண்டுதான் எழுதினீர்களா?

எனக்கு வருகிற கோபத்துக்கு இங்கே எழுத இடம் போதாது. ஒரு வருஷம் என்னைத் தூக்கியிருக்கிறீர்கள். அதில் உங்கள் முதுகு என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அப்போதே வலித்ததா? ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டு இடுப்பை அமுக்கிக்கொள்வீர்களே, அது இதுதானா?

இந்த நாலுக்கு மட்டும் பதில் வேண்டும். காய்ச்சல் உண்டா? உடம்பு இளைத்திருக்கிறதா? ஒன்றுக்கு இரண்டுக்கு அடக்க முடிகிறதா? கால் மரத்திருக்கிறதா? இதில் ஒன்று ஆமாம் என்றாலும் செல்வன் லீவு போட்டு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவனிடமும் சொல்லிவிட்டேன். நாலும் இல்லை என்றால் அந்தக் கட்டிலில் உங்களுக்கு என்ன வேலை?

பொன்னாத்தாள்


சாமளாபுரம்
1.12.2003

பொன்னு,

நாலும் இல்லை. செல்வன் சனிக்கிழமை காரில் வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனான். பார்த்துவிட்டு, தசை பிடித்திருக்கிறது, படுத்தே இருக்காதீர்கள் என்றார். இந்தத் தடவை செல்வனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் என்னால் எழ முடியவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதே. காலைக் கீழே வைத்ததும் உள்ளே ஏதோ அறுந்துவிடப் போகிறது என்று தோன்றுகிறது. பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

பகலில் வீட்டில் யாரும் இல்லை. டிவியில் வாய்கள் அசைகின்றன. வருபவர்களும் இல்லை. நீ படுத்திருந்தபோது வந்தவர்கள் என்னைப் பார்க்க வருவதில்லை. செவிடனிடம் வந்து என்ன பேசுவது? பீடிதான் துணை. இருட்டுவதற்குள் ஒரு கட்டு காலியாகிவிடுகிறது.

நீ வா. உனக்கு நான் செய்தேன். எனக்கு நீ செய். கணக்குக்குக் கணக்கு சரியாகப் போகட்டும். அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

நஞ்சப்பன்


சேவூர்
6.12.2003

மாமாவுக்கு,

கணக்கு தீர்க்க நான் வர மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் களத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன், கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. ஆறியபின்னும் பதில் அதேதான்.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்தால் நீங்களும் எழ மாட்டீர்கள். சோற்றைக் கையில் கொடுப்பேன், நாற்காலியைப் பக்கத்தில் போடுவேன், தோளைப் பிடித்துப் படுக்க வைப்பேன். சாமளாபுரம் முழுக்க என்னைப் புகழும். பொங்கலுக்குள் உங்கள் கால் என் கால் மாதிரி ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து உங்களிடமிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும். எழுந்தால்தான் அது குறைகிறது, படுத்தால் வளர்கிறது. வேறு மருந்து எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வருகிறேன். தனியாகத்தான் வருகிறேன், அவிநாசியில் பஸ் மாறி. காரோ வேனோ அனுப்பினால் ஏற மாட்டேன். பதினோரு மணி வாக்கில் நம்மூர் ஸ்டாப்பில் இறங்குவேன். நீங்கள் ஸ்டாப்புக்கு வர வேண்டும். இன்றைக்கே அறைக்குள் நடக்க ஆரம்பியுங்கள், நாளைக்கு நடை வரை, மறுநாள் வாசல் வரை. யார் தோளையாவது பிடித்துக்கொண்டு வந்தாலும் சரி, குச்சி ஊன்றி வந்தாலும் சரி. தூக்கிக்கொண்டு வரக்கூடாது. நீங்கள் அங்கே இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் நின்று திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

கல்நெஞ்சுக்காரி என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். நின்றுகொண்டு திட்டுங்கள்.

பொன்னாத்தாள்


சாமளாபுரம்
19.12.2003

பொன்னாத்தாளுக்கு,

போன வாரம் வியாழக்கிழமை நீ போனதிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். வாயால் திட்டினால் மருமகள் சிரிக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

அன்று காலை செல்வன் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு என் பக்கத்தில் வருவதாகச் சொன்னான். போடா என்று அனுப்பிவிட்டேன். அவன் போனபின்தான் ஏன் அனுப்பினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். குச்சியை ஊன்றி வாசலைத் தாண்டினேன். ரேஷன் கடைச் சுவரைப் பிடித்தேன். அங்கே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ பிடிக்க வந்தார்கள், வேண்டாம் என்று கையை உதறினேன். முதுகில் ஆணி இறக்குவது போல இருந்தது. டிரான்ஸ்பார்மர் பக்கம் போய்க் குச்சியில் சாய்ந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே டீக்கடை பெஞ்சில் நீ உட்கார்ந்திருக்கிறாய்.

நீ என்னைப் பார்த்துவிட்டாய். எனக்குத் தெரியும், நீ பார்த்தாய். எழுந்து வருவாய் என்று நின்றேன். நீ எழவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். இவ்வளவு கொடுமைக்காரியோடு நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று நினைத்தேன். பக்கத்தில் போய் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று குச்சியை ஊன்றினேன். அந்த ரோட்டைக் கோபத்தில்தான் தாண்டினேன். பாதி ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்திருக்கிறான், எனக்கு எங்கே கேட்டது? டிரைவர் வாய் அசைந்தது. பதிலுக்கு நானும் வாயை அசைத்தேன்.

கிட்டே வந்தபின்தான் உன் கையைப் பார்த்தேன். டம்ளரிலிருந்து டீ தளும்பி உன் சேலையெல்லாம் கொட்டியிருந்தது.

கேட்க வந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டுக் குச்சியைப் பெஞ்சில் சாய்த்தேன். நீ நகர்ந்து இடம் விட்டாய். "ஏனுங்க, சக்கரை போடச் சொல்லட்டுமா?" என்று உதட்டை அசைத்தாய். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

பிறகு வீட்டுக்கு இரண்டு பேரும் நடந்தோம். நீ முன்னால் போனாய், நான் பின்னால் வந்தேன். நீ மறுபடி நடப்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாய். இடது காலை இழுக்கிறாய். ஆனால் நடக்கிறாய். வீட்டில் சோறு வைத்தாய், ரசம் வைத்தாய், அரிசிப் பானையைக் குனிந்து எடுத்தாய். நான் என்னை அறியாமல் "குனியாதே" என்று கத்தினேன். நீ குனிந்தபடியே திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் நான் படுக்கப் போனேன், தைலத்தை எடு என்றேன். எடுத்துக் கையில் கொடுத்தாய். தேய்க்கவில்லை. நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

அது அநியாயம். தைலம் தேய்ப்பதில் என்ன தப்பு என்று உன் டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது. அதில் நான் விட மாட்டேன்.

நீ போனபின் தினமும் ஸ்டாப் வரை போகிறேன். உடம்பு தேறுவதற்கு இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் உன்னைத் திட்டுவதற்கு மூச்சு முட்டுகிறது, நடந்தால் கொஞ்சம் வெளியே வருகிறது. டீக்கடைக்காரர் நான் வந்ததும் கேட்காமலே டம்ளரைக் கழுவுகிறார். சிவசுப்பிரமணியம் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பேப்பர் ஓரத்தில் எதையாவது எழுதிக் காட்டுகிறார், நான் பதில் சொல்கிறேன். பீடி பாதியாகிவிட்டது. வலி பாதியாகவில்லை. ஒருநாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் ஸ்டாப் வரை போய்த் திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. முந்தாநாள் போகவே முடியவில்லை. நேற்று போனேன்.

மாசி மாதம் சிவசுப்பிரமணியத்திடம் நான் சொன்னதற்கு உன்னிடம் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். எழுத்தில் வரவில்லை. எழுதினால் ஒன்று கெஞ்சுவது போல வருகிறது, இல்லை உன்னையே குறை சொல்வது போல வருகிறது. இரண்டும் எனக்கு வேண்டாம்.

28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சேவூர் வருகிறேன். பஸ்ஸில்தான். செல்வன் கார் பிடிக்கிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். அவிநாசியில் பஸ் மாறும்போது கூட்டம் இடித்தால் இடிக்கட்டும். வழியில் முடியவில்லை என்றால் அவிநாசியில் உட்கார்ந்திருப்பேன், நீ அங்கே வந்துவிடாதே. நானே வந்து சேருகிறேன்.

உன்னைக் கூட்டிப் போக வருவதாக நினைக்காதே. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். நம் சண்டை பாதியில் நிற்கிறது, அதை நேருக்கு நேர் முடிக்கத்தான் வருகிறேன். மதியத்துக்கு எனக்கும் சேர்த்து அரிசி போடு.

நஞ்சப்பன்